கிளிப்பர்ட்டன் தீவு

கிளிப்பர்ட்டன் தீவு, கிழக்குப் பசிபிக் பெருங்கடலில் மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்திலிருந்து 1,000 கி.மீ.க்கும் அப்பால் உள்ள, மக்கள் வசிக்காத பிரெஞ்சுப் பவளத்தீவு. கடலோடு தொடர்பற்ற ஒரு காயலைச் சுற்றிய ஒடுங்கிய நிலவளையம் இது. அதில் 29 மீட்டர் உயர எரிமலைப் பாறை ஒன்றும், சில தென்னைகளும், தரையெங்கும் ஊரும் செம்மஞ்சள் நண்டுகளும் உண்டு.

1858-இல் பிரான்ஸ் உரிமை கோரியது. பின்னர் உரத்துக்காகக் கடற்பறவை எச்சம் தோண்ட ஆட்கள் வந்தனர். 1897-இல் கொடியேற்றிய மெக்சிகோ, பிறகு காவற்படையையும் குடும்பங்களோடு அமர்த்தியது. உள்நாட்டுப் புரட்சியால் 1914-இல் உணவுக் கப்பல்கள் நின்றன. ஸ்கர்வி நோய் பலரைக் கொன்றது. 1917 ஜூலையில் அமெரிக்கப் போர்க்கப்பல் 'யார்க்டவுன்' வந்தபோது எஞ்சியிருந்தவர்கள் 4 பெண்களும் 7 குழந்தைகளும் மட்டுமே. உரிமைக்காக மனிதரை நிறுத்திவிட்டு அவர்களைக் கைவிட்ட கொடுமை இது.

பிரான்சுக்கும் மெக்சிகோவுக்கும் இடையிலான தீவு வழக்கில் 1931-இல் நடுவராக இருந்த இத்தாலி மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் தீவைப் பிரான்சுக்கு அளித்தார். குடியேற்றம் இல்லாமலும் ஆட்சியுரிமை நிலைக்கலாம் என்ற அத்தீர்ப்பு, பன்னாட்டுச் சட்ட நூல்களில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா இங்கு வானிலை நிலையம் அமைத்தது.

தீவின் இன்றைய மதிப்பு கடலில்தான். 10 ச.கி.மீ.க்கும் குறைவான இந்த நிலம், பிரான்சுக்கு 4 லட்சம் ச.கி.மீ.க்கும் மேற்பட்ட தனிப் பொருளாதார மண்டலத்தைத் தருகிறது. சூரை மீன் வளம் மிக்க அக்கடலில் 2007 உடன்பாட்டின்படி மெக்சிகோ படகுகளும் மீன்பிடிக்கின்றன.