மரபணுவின் இடைச்செருகல்கள்: ஆர்.என்.ஏ. ஸ்பிளைசிங்கும் புற்றுநோயும்

மரபணு என்பது இடையறாது எழுதப்பட்ட ஒரு வாக்கியம் என்றே 1977 வரை உயிரியல் கருதியிருந்தது. அதற்கு வலுவான சான்றும் இருந்தது. ஈ. கோலை பாக்டீரியாவில், மரபணு மாற்றங்கள் அமைந்த வரிசையும் புரதத்தில் அமினோ அமிலங்கள் மாறிய வரிசையும் ஒத்திருப்பதை 1964இல் சார்லஸ் யனோஃப்ஸ்கியின் குழு காட்டியது. பாக்டீரியாவுக்குப் பொருந்துவது யானைக்கும் பொருந்தும் என்பது அக்காலப் பொதுக்கருத்து.

ஆயினும் ஒரு புதிர் எஞ்சியிருந்தது. விலங்கு உயிரணுவின் உட்கருவில் இருந்த ஆர்.என்.ஏ. மிக நீண்டது, புரத ஆக்கத்திற்கென வெளியே வந்த தூது ஆர்.என்.ஏ. மிகக் குறுகியது. இரண்டின் தலையிலும் வாலிலும் ஒரே வகை வேதிக்குறிகள். இரு முனைகளும் அழியாதிருக்க, நீளம் மட்டும் எவ்வாறு குறைந்தது?

விடை புற்றுநோய் ஆய்வின் வழியே வந்தது. மனிதரைத் தொற்றும் அடினோவைரஸ் வகைகளில் ஒன்று பிறந்த வெள்ளெலிகளுக்குக் கட்டியை உண்டாக்குவதை 1962இல் ஜான் டிரென்டினும் உடன்பணியாற்றியோரும் அறிவித்தனர். அதன்பின் இவ்வைரஸ் குடும்பம் பல புற்றுநோய் ஆய்வகங்களின் கருவியாயிற்று. 1977இல், எம்.ஐ.டி.யில் ஃபிலிப் ஷார்ப், சூசன் பெர்ஜெட், கிளேர் மூர் ஆகியோரும், கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் ரிச்சர்ட் ராபர்ட்ஸ், லூயிஸ் சௌ, தாமஸ் புரோக்கர், ரிச்சர்ட் ஜெலினாஸ் ஆகியோரும் அடினோவைரஸின் தூது ஆர்.என்.ஏ.வை அதன் டி.என்.ஏ.வோடு இணைத்து மின்னணு நுண்ணோக்கியில் நோக்கினர். ஆர்.என்.ஏ.வில் இணை இல்லாத டி.என்.ஏ. பகுதிகள் கண்ணிகளாகப் பிதுங்கி நின்றன. மரபணு துண்டுதுண்டாகக் கிடந்தது. இடைப்பகுதிகள் நீக்கப்பட்டு எஞ்சியவை ஒட்டப்பட்டிருந்தன. நீக்கப்படுவனவற்றுக்கு இன்ட்ரான் என்றும் நிலைப்பனவற்றுக்கு எக்ஸான் என்றும் 1978இல் வால்டர் கில்பர்ட் பெயரிட்டார்.

1993ஆம் ஆண்டு நோபல் பரிசு ஷார்ப், ராபர்ட்ஸ் ஆகிய இருவருக்கே வழங்கப்பட்டது. மூவர் வரை பகிரலாம் என்பது விதி. கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரின் நுண்ணோக்கிச் சான்றை உருவாக்கிய லூயிஸ் சௌவின் பெயர் விடுபட்டது அன்றே விவாதமாயிற்று. கண்ணிகளைக் கண்ட கண்கள் யாருடையவை என்பதைக் கூறாமல் இவ்வரலாறு முழுமை பெறாது.

இடைச்செருகலை நீக்கி மூலபாடத்தை மீட்கும் பதிப்பாசிரியரின் பணியோடு ஸ்பிளைசிங்கை ஒப்பிடலாம். ஆனால் அவ்வொப்புமை பாதி தூரமே செல்லும். ஏனெனில் உயிரணுவுக்கு மூலபாடம் ஒன்றன்று. 'பலகை' என்னும் எழுத்துத் தொடர் மரத்துண்டையும் குறிக்கும். 'பல கை' எனப் பிரிந்தால் கைகளையும் குறிக்கும். பிரிக்கும் இடம் மாறப் பொருள் மாறும் இப்பொதுமொழியே ஸ்பிளைசிங்குக்கு நெருங்கிய உவமை. 1993இல் விவரிக்கப்பட்ட பிசிஎல்-எக்ஸ் மரபணு இதற்குத் தெளிந்த சான்று. வெட்டுமிடம் ஒன்றாயின் 233 அமினோ அமிலங்கள் கொண்ட நெடிய புரதம் பிறந்து உயிரணுவைச் சாவிலிருந்து காக்கும். மற்றொன்றாயின் 63 குறைந்த குறும்புரதம் பிறந்து சாவைத் தூண்டும். பல புற்றுக்கட்டிகளில் நெடிய வடிவமே மேலோங்குகிறது. மரபணுவின் எழுத்து ஒன்றும் மாறவில்லை; பிரிப்பே மாறியது.

வெட்டுமிடத்தைத் தேர்வதில் பங்குகொள்ளும் புரதங்களுள் ஒன்று எஸ்ஆர்எஸ்எஃப்1. அது அளவுக்கு மிஞ்சினால் உயிரணு புற்றுத்தன்மை அடையக்கூடும் என்பதை 2007இல் ஏட்ரியன் கிரெய்னரின் குழு காட்டியது. 2011இல் செய்ஷி ஒகாவாவின் குழு உள்ளிட்டோர், மைலோடிஸ்பிளாசியா என்னும் இரத்த நோயில் ஸ்பிளைசிங் எந்திரத்தின் உறுப்புகளே திடீர்மாற்றம் அடைந்திருப்பதைக் கண்டனர். அவற்றுள் எஸ்எஃப்3பி1 முதன்மையானது. அது மாறும்போது எந்திரம் பிழையான வெட்டுமிடங்களை ஏற்கிறது. அவ்வாறு உருவாகும் ஆர்.என்.ஏ.க்களில் பலவற்றைக் குறையுடையனவென உயிரணுவே அழித்துவிடுகிறது. இதனால் உரிய மரபணுக்கள் பழுதின்றி இருந்தும் அவற்றின் வெளிப்பாடு தாழ்கிறது.

நுரையீரல் புற்றில் வேறொரு வழி. மெட் மரபணுவின் 14ஆம் எக்ஸான் விடுபட்டால், அப்புரதத்தை அழிவுக்கு அடையாளமிடும் பிடிப்பிடமும் உடன்போகிறது. புரதம் நெடிது நிலைத்து வளர்ச்சியைத் தூண்டுகிறது. இப்புரதத்தைத் தடுக்கும் காப்மாடினிப் 2020இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

ஸ்பிளைசிங் எந்திரத்தையே தடுக்கும் முயற்சி கடினமானது. எஸ்எஃப்3பியைத் தாக்கும் இ7107 என்னும் மருந்தின் சோதனை, நோயாளிகள் சிலர் பார்வை இழந்ததால் நிறுத்தப்பட்டது. நலமான உயிரணுவும் அதே எந்திரத்தை நம்பியே வாழ்கிறது என்பதே காரணத்தின் வேர். ஆகவே எந்திரத்தை முடக்காமல் ஒரு குறிப்பிட்ட வெட்டை மட்டும் திருத்துவது எப்படி என்பதே இத்துறையின் இன்றைய வினா. தண்டுவடத் தசைநலிவு நோய்க்கு நுசினெர்சென் அவ்வழியில் 2016இல் விடை தந்துவிட்டது. புற்றுநோய் பிறப்பித்த இவ்வறிவின் பயன் வேறொரு நோயை முதலில் எட்டியது. புற்றுநோய்க்கு அத்தகைய விடை இன்னும் தேடப்படுகிறது.