15 லட்சம் ஆண்டுக்கு முந்தைய கற்கோடரி: ஒரு திருத்தம்



நேற்று எங்கள் சென்னீர்குப்பம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி: “15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே நம் மாவட்டத்தில் தமிழன் வாழ்ந்தான்.” பணியில் இருந்தபோது நானும் வகுப்பில் கிட்டத்தட்ட இப்படித்தான் சொன்னேன். அது தவறு.

1863 மே 30 அன்று பல்லாவரத்தில், சரளை மண்ணில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட். டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்து அப்போது நான்கே ஆண்டுகள். அதே ஆண்டு நம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்திலும் கற்கோடரிகள் கிடைத்தன.

பின்னாளில் சாந்தி பப்பு குழுவினர் அங்கே அகழாய்வு செய்தனர். வெளியே கிடக்கும் கல்லில் விண்வெளிக் கதிர்கள் பட்டால் சில கதிரியக்க அணுக்கள் உண்டாகும். கல் புதைந்தபின் அவை குறைந்துகொண்டே வரும். அதை அளந்து, மிகப் பழைய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-ல் வெளியிட்டார்கள்.

ஆனால் நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸுக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவில். வயது சுமார் 3 லட்சம் ஆண்டுதான். அப்படியானால் இங்கே கல்லைச் செதுக்கியவர்கள் நமக்கு முந்தைய வேறொரு மனித இனம். அவர்களுடைய எலும்பு அங்கே கிடைக்கவில்லை. அவர்களுக்கு மொழியோ சாதியோ நாம் சூட்ட முடியாது.

இதனால் நம் மண்ணின் பெருமை குறையாது. மனிதப் பரிணாமத்தின் சாட்சி பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கிறது. பூண்டி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

என்னிடம் படித்தவர்கள் இதைப் பார்த்தால், அன்று நான் சொன்னதை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள்.