மூன்று கடவுளருக்கு ஒரு கல்

சீனாவின் யொங்லெ பேரரசரின் ஏழாம் ஆட்சியாண்டு, இரண்டாம் மாதம். நம் கணக்கில் 1409 பெப்ரவரி. இந்த மும்மொழிக் கல்லில் பொறித்த தேதி அது. ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவு, ஐந்து அங்குலத் தடிப்பு, உச்சியில் எதிரெதிரே இரண்டு டிராகன்கள். வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், கீழே பாரசீகம். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹெயின் மூன்றாவது கடற்பயணத்தில் அது இலங்கைக்கு வந்தது.

மூன்று பகுதிகளில் ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பு அல்ல. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி திருமாலான தெனாவரை நாயனாரை, பாரசீகப் பகுதி இஸ்லாத்தை. காணிக்கைப் பட்டியல் மட்டும் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே: 1000 பொன், 5000 வெள்ளி, பட்டுச் சுருள்கள், 2500 காட்டி (சீன எடை அளவு) வாசனை எண்ணெய், குத்துவிளக்கு, மெழுகுதிரி. இந்துமாக்கடலில் சரக்கை இறக்கி ஏற்றிய வணிகர் எந்தெந்த மொழியில் கணக்கு எழுதினார்கள் என்பது கல்லை வெட்டுவித்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நல்லுறவு நீடிக்கவில்லை. இலங்கையின் ஆட்சியாளரான அழகக்கோனாரோடு செங் ஹெயின் படைக்குச் சண்டை மூண்டது. 1411இல் அவரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோய், பிறகு விடுவித்தார்கள். அந்த நாயனாரின் தெனாவரை, இன்றைய தேவேந்திரமுனை. அங்கிருந்த பெருங்கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் அழித்தார்கள். கல் திரும்பக் கிடைத்தது காலியில்: 1911இல் கிரிப்ஸ் வீதியருகே ஒரு மதகுக்கு மூடுகல்லாக. கண்டெடுத்தவர் ஒரு பொறியியலாளர்.

கோயில் இடிந்து, கல் வேறு கட்டடத்துக்குப் போகும் இந்தக் கதை திருகோணமலைக்காரருக்குப் புதிதல்ல. 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் கற்களைக் கொண்டுதான் கோட்டை எழும்பியது. அதன் வாசலில் கயல் சின்னமும் உடைந்த தமிழ்க் கல்வெட்டும் இன்றும் நிற்கின்றன.

காலிக் கல் கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போய்ச் சேர்ந்தது. தமிழ்ப் பகுதியைப் படித்துப் பதிப்பித்தவர் பரணவிதான. அதிகம் தேய்ந்தது பாரசீகம்.

இந்தக் கல்லை இப்போது நினைக்கக் காரணம் கண்காட்சிகள். வெளிநாடுகளில் வாழும் கன்டோனீஸ் குடிகளின் பண்பாட்டைக் காக்க, தொட்டும் கேட்டும் அறியும் கண்காட்சிகளைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். இலங்கைச் சீனரோ பெரும்பாலும் ஷாண்டோங், ஹூபெய் வழிவந்தவர்கள். துணி விற்றும் பல் கட்டியும் பிழைத்த அவர்களுக்கு ஒரு பேரரசர் கல் வெட்டித் தரவில்லை. அவர்களுக்கும், சீனக்குடா என்ற ஊரையே வைத்திருக்கும் நம் திருகோணமலைத் துறைமுகத்துக்கும் ஒரு கண்காட்சி அமைப்பதானால், இந்தக் கல்லிடம் பாடம் கேட்கலாம்.

முதற்பாடம், கையால் செய்ய விடுவது. கல்லின் படியொன்றை வைத்து, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றிப் பிள்ளைகளே மைப்படி எடுக்கட்டும். சீனரும் கல்வெட்டைப் படியெடுத்தது ஏறக்குறைய இந்த முறையில்தான். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மங்கிய எழுத்து நிழலோடு எழும். அந்த விளக்கும் பார்வையாளர் கையில் இருக்கட்டும். தொடுதிரையில் விரலை இழுப்பவர் படம் பார்க்கிறார். மை ஒற்றுபவர் எழுத்தைத் தேடுகிறார்.

இரண்டாவது, விளக்கப் பலகை. நம் நாட்டில் ஒரு வாசகத்தை எழுதி மற்ற இரு மொழிகளுக்குப் பெயர்த்து ஒட்டுவது வழக்கம். கல் அப்படிச் செய்யவில்லை. பட்டியல் ஒன்று, வணக்கம் வேறு. கடைக்கணக்கு, குடும்பப் படம், பல் கட்டும் கருவி என்று பொருளை எல்லாருக்கும் பொதுவாக வைக்கலாம். அதன் கதையைச் சீனக் குடும்பம் ஒருவிதமாகச் சொல்லும். தவணைக்குத் துணி வாங்கிய தமிழ், முஸ்லிம், சிங்கள வீடுகள் வேறுவிதமாகச் சொல்லும். அவை ஒத்துப்போக வேண்டியதில்லை.

மூன்றாவது பாடம் கல்லின் குறையிலிருந்து வருகிறது. சிங்கள மன்னர் ஆண்ட தென்கரையில் நட்ட கல்லில் சிங்களம் இல்லை. வந்துபோன வணிகரோடு பேசிய கல், இருந்த ஊராரோடு பேசவில்லை. புலம்பெயர்ந்தோர் கண்காட்சிகள் பலவும் இதே இடத்தில்தான் வழுக்குகின்றன. புறப்பட்ட ஊரைப் பற்றி நிறையச் சொல்வார்கள், வந்து சேர்ந்த தெருவைப் பற்றி ஒன்றும் இராது. திருகோணமலையில் அமைப்பவர்கள் முதல் நாற்காலியை அயல்வீட்டாருக்குப் போடட்டும்.