கொத்தரிசியும் கட்சிப் பூசலும்: 1953 ஆம் ஆண்டு நெருக்கடி பற்றிய ஒரு நோக்கு

சுதந்திர இலங்கையின் வரலாற்றில் ஒரு கொத்து அரிசியின் விலையைப் போல அரசாங்கங்களை அலைக்கழித்த பொருள் பிறிதொன்றில்லை எனலாம். 25 சதமாக இருந்த கூப்பன் அரிசியின் விலை 1953 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் 70 சதமாக உயர்த்தப்பட்டமையும், அதனை எதிர்த்து ஓகஸ்ட் 12 ஆந் திகதி ஹர்த்தால் நடைபெற்றமையும், ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தமையும் யாவரும் அறிந்த செய்திகளாகும். இப்பொருள் பற்றி எழுதியோரிற் பலர் ஹர்த்தாலின் வீரத்தையோ, அன்றி அதன்போது நிகழ்ந்த வன்செயல்களையோ முதன்மைப்படுத்தியுள்ளனர். நாம் ஈண்டு எடுத்துக்கொள்ளும் விடயம் வேறு. நெருக்கடிக்குக் காரணர் யாவர், அதன் சுமையைத் தாங்க வேண்டியவர் யாவர் என்னும் இரு வினாக்களுக்கும் அக்காலக் கட்சிகள் அளித்த விடைகள் யாவை, பிற்கால அனுபவம் அவ்விடைகளை எவ்வாறு சோதித்தது, எவ்வினா எவராலும் எழுப்பப்படாது விடுபட்டது என்பனவற்றை ஆராய்தலே நமது நோக்கமாகும்.

1. நெருக்கடியின் தோற்றம்

அக்காலத்தில் இலங்கையின் ஏற்றுமதி வருவாயில் பத்திலொன்பது பங்கிற்கும் மேற்பட்டது தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்று பொருள்களிலிருந்தே கிடைத்தது. மக்கள் உண்ட அரிசியிற் பாதிக்கும் மேற்பட்டது பர்மா முதலிய நாடுகளிலிருந்து இறக்குமதியாயிற்று. விற்பதும் வாங்குவதும் பிறர் நிர்ணயிக்கும் விலையிலேயே நடைபெற வேண்டிய பொருளாதாரம் இது.

1950 இல் கொரியப் போர் மூண்டதும் இறப்பரின் விலை பெருமளவு உயர்ந்தது. ஏற்றுமதித் தீர்வைகளால் திறைசேரி நிரம்பிற்று, இறக்குமதிகள் பெருகின, கல்லோயாத் திட்டம் போன்ற பெருமுயற்சிகளுக்கும் சமூக சேவைகளுக்கும் தாராளமாகச் செலவிட முடிந்தது. ஆயின் 1951 இன் பிற்பகுதியிலிருந்து இறப்பர் விலை சரியத் தொடங்கியது. அதே வேளையில் உலகச் சந்தையில் அரிசியின் விலை ஏறியது. வருவாய் குறைய, செலவு கூடிற்று. வரவுசெலவுத் திட்டத்தில் துண்டு விழுந்தது. வெளிநாட்டுச் செலாவணி ஒதுக்குகள் விரைவாகக் கரைந்தன. உலக யுத்த காலத்தில், 1942 இல், தொடங்கப்பட்ட அரிசிப் பங்கீடு இதற்குள் மக்களின் உரிமை என்னும் நிலையை எய்திவிட்டது. வாங்கும் விலைக்கும் 25 சதத்திற்கும் இடையிலான வேறுபாடு முழுவதும் திறைசேரியின் மீதே விழுந்தது.

இவ்வாறு நோக்குமிடத்து, நெருக்கடியின் மூலகாரணம் எக்கட்சியினாலும் உண்டாக்கப்பட்டதன்று என்பது தெளிவு. ஆயினும் மூலகாரணம் வேறு, பொறுப்பு வேறு. மழை பொய்த்தமைக்கு எவரும் பொறுப்பாளியல்லர்; குளத்து நீரைக் கணக்கின்றித் திறந்துவிட்டமைக்குப் பொறுப்பாளி உண்டு. பூசல் எழுந்தது இவ்விடத்திலேயாம்.

2. அரசாங்கத்தின் வாதம்

நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் நிலைப்பாடு எளிதானது. நாட்டின் வருவாய்க்கு மிஞ்சிய மானியம் தொடர்ந்தால் அபிவிருத்திக்கு எதுவும் எஞ்சாது. இறக்குமதி அரிசியை மலிவாக வழங்குவதால் உள்ளூர் நெற்செய்கையாளர் ஊக்கம் இழப்பர். ஒதுக்குகள் முற்றாகத் தீர்ந்தபின் அரிசியை எவ்விலைக்கும் வாங்க முடியாது போகும் என்பனவே அவர்தம் நியாயங்கள். 1951 இல் இங்கு வந்த உலக வங்கித் தூதுக்குழுவும் உணவு மானியத்தைக் குறைக்குமாறு ஆலோசனை கூறியிருந்தது. இதற்கிணங்க அரிசி மானியம் நீக்கப்பட்டதோடு, பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவு நிறுத்தப்பட்டது. புகையிரதக் கட்டணமும் அஞ்சற் கட்டணமும் உயர்த்தப்பட்டன.

இவ்வாதத்தின் பொருளியல் அடிப்படையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆயின் அதனை முன்வைத்தவர்களின் கடந்த ஓராண்டு நடத்தையே அதற்கு எதிர்ச்சாட்சியாக நின்றது. டி. எஸ். சேனநாயக்கா 1952 மார்ச் மாதத்தில் மறைந்ததும், மே மாதத்தில் நடைபெற்ற பொதுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 25 சத அரிசியைக் காப்பதாக உறுதி கூறியே வாக்குக் கேட்டது. அவ்வேளையில் இறப்பர் விலை ஏற்கெனவே வீழ்ச்சியடையத் தொடங்கியிருந்தது. வரவிருந்த இடரை அறியாது வாக்குறுதி அளித்தனரெனின் அது ஆட்சித் திறனின்மை. அறிந்தே அளித்தனரெனின் அது வேறொன்று. எதிர்க்கட்சிகள் இரண்டாவதையே கூறின. எனினும், மானியத்தைக் குறைக்க வேண்டும் என்று அத்தேர்தலில் மக்களிடம் கூறும் துணிவு எதிர்க்கட்சிகளுக்கும் இருக்கவில்லை என்பதையும் உடன் குறித்தல் தகும்.

3. எதிர்த்தரப்பின் வாதங்கள்

எதிர்த்தரப்பு ஒரே குரலிற் பேசியதாகக் கொள்ளுதல் பிழையாகும். என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா ஆகியோரின் லங்கா சமசமாஜக் கட்சியும், பிலிப் குணவர்த்தனாவின் பிரிவும், அதனோடு கூட்டுச் சேர்ந்திருந்த கம்யூனிஸ்ட் கட்சியும் தம்முட் பிணங்கி நின்றவை. ஆயினும் நெருக்கடிக்கான காரணத்தை அவை ஏறக்குறைய ஒரே இடத்திற் கண்டன. பெருந்தோட்டங்களின் இலாபம் வெளிநாட்டுக்குச் செல்கின்றது; செல்வர் மீது போதிய வரி விதிக்கப்படவில்லை; குடியேற்றகாலப் பொருளாதார அமைப்பு மாற்றப்படவில்லை; ஆகவே ஏழையின் சோற்றில் கைவைப்பது நிதி முகாமைத்துவம் அன்று, வர்க்கச் சார்பே என்பன அவற்றின் வாதங்கள்.

எதிர்க்கட்சித் தலைவராயிருந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா இடைவழியொன்றைக் கைக்கொண்டார். விலையேற்றத்தை அவரது ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி கண்டித்தது. ஆயின் ஹர்த்தாலை நடத்தும் பொறுப்பில் அது பங்கு கொள்ளவில்லை. இலங்கை இந்தியக் காங்கிரசும் கோரிக்கையை ஆதரித்தபோதிலும் வேலைநிறுத்தத்தில் இறங்கவில்லை. தமிழரசுக் கட்சி ஹர்த்தாலை ஆதரித்தது. 1952 தேர்தலில் அக்கட்சியின் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம் காங்கேசன்துறையில் ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளரிடம் தோல்வியுற்றிருந்தார் என்பதும், தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அரசாங்கத்தில் அமைச்சராக இருந்தார் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கன. எனவே தமிழரிடையேயும் அரிசிப் பூசல் இரு பக்கமும் பேசப்பட்டது. பூசலின் கோடு இனத்தை ஒட்டி விழாது, கட்சியையும் வர்க்கத்தையும் ஒட்டி விழுந்த அரிய தருணங்களில் இது ஒன்று.

இடதுசாரிகள் காட்டிய மாற்று வழிகளுள் ஒன்று, சோஷலிச நாடுகளோடு வாணிகம் செய்தல் என்பதாகும். விந்தை யாதெனில், அவ்வழியை முதலிற் கைக்கொண்டது ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கமேயாம். 1952 டிசம்பரில் வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கா பீக்கிங்கில் ஒப்பமிட்ட இறப்பர் - அரிசி உடன்படிக்கையின்படி, ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பரைச் சீனா வாங்கவும், 270,000 தொன் அரிசியை இலங்கைக்கு விற்கவும் இணங்கிற்று. இறப்பருக்குச் சந்தை விலையிலும் கூடிய விலை கிடைத்தது. இதற்காக அமெரிக்க உதவியை இழக்கவும் நேர்ந்தது. கம்யூனிச எதிர்ப்பைத் தன் கொள்கையாகக் கொண்ட கட்சி சீனாவுடன் ஒப்பந்தம் செய்ததும், அதே கட்சி உலக வங்கியின் ஆலோசனைப்படி மானியத்தை நீக்கியதும் ஓராண்டுக்குள் நிகழ்ந்தவை. கட்சிகள் மேடையிற் கூறிய காரணங்களுக்கும் அமைச்சரவையில் எடுத்த முடிவுகளுக்கும் இடையே எத்துணை இடைவெளி இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

4. ஹர்த்தாலும் அதன் தீர்ப்பும்

ஓகஸ்ட் 12 அன்று மேற்கு, தெற்குக் கரையோரங்களில் இயக்கம் கடுமையாக நடைபெற்றது. கடைகள் மூடப்பட்டன, தண்டவாளங்கள் கழற்றப்பட்டன, மரங்கள் வீழ்த்தப்பட்டு வீதிகள் மறிக்கப்பட்டன. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற 'நியூபவுண்ட்லாந்து' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலில் அமைச்சரவை கூடிற்று. அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தோர் பத்துப் பேரளவினர் எனப் பொதுவாகக் கூறப்படுகின்றது.

டட்லி சேனநாயக்காவுக்குப் பின் பதவியேற்ற சேர் ஜோன் கொத்தலாவலையின் அரசாங்கம் விலையை 55 சதமாகக் குறைத்தது. ஜயவர்த்தனா நிதியமைச்சிலிருந்து விவசாய அமைச்சுக்கு மாற்றப்பட்டார். சேர் ஒலிவர் குணதிலக்கா நிதியமைச்சரானார். விலை முழுமையாக மீளவில்லை. மானியம் முழுமையாக நீங்கவுமில்லை. இரு தரப்பினரும் தாம் வென்றதாகக் கூறக்கூடிய, ஆயின் எந்த வினாவுக்கும் விடை தராத முடிவு இது. 1954 அளவில் தேயிலை விலை உயர்ந்தமையால் நெருக்கடி தற்காலிகமாகத் தணிந்தது. உலகச் சந்தை கொண்டுவந்த இடரை உலகச் சந்தையே நீக்கிற்று. ஆதலின் உள்நாட்டில் எவரும் தம் கொள்கையை மீளாய்வு செய்ய வேண்டிய தேவை எழவில்லை.

ஹர்த்தாலின் அரசியல் அறுவடையை அதனை விதைத்தோர் பெறவில்லை. 1956 இல் ஐக்கிய தேசியக் கட்சி எட்டு ஆசனங்களாகச் சுருங்கியது. வென்றவர் ஹர்த்தாலில் ஒதுங்கி நின்ற பண்டாரநாயக்காவே. 1953 இல் விலையேற்றத்தாற் சினந்த கிராமத்து மக்களின் குறை, மூன்றாண்டுகளில் மொழிக் கோரிக்கை என்னும் வடிவில் ஒழுங்குபடுத்தப்பட்டது. சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் தனிச் சிங்களச் சட்டத்தை அவ்வாண்டில் எதிர்த்தன; ஆயின் மக்களின் செவி அப்போது அவற்றின்பால் இருக்கவில்லை. பொருளாதாரக் குறையை இனக்குறை விழுங்கியதற்கு மொழியுணர்ச்சி மாத்திரமே காரணம் என நாம் கருதவில்லை. யார் கொடுப்பது என்ற வினாவுக்கு 1953 இல் எக்கட்சியும் நம்பத்தகுந்த விடையளியாமையும் ஒரு காரணமாகும்.

5. இடம் மாறிய வாதங்கள்

பின்வந்த காலத்தில் அதே வாதங்கள் வாய் மாறி ஒலித்தன. 1962 இல் நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கா அரிசிப் பங்கீட்டைக் குறைக்க முன்வந்து, சொந்தக் கட்சியினரின் எதிர்ப்பினால் நிதியமைச்சைத் துறந்தார். 1966 இல் மீண்டும் பிரதமராயிருந்த டட்லி சேனநாயக்கா பங்கீட்டைப் பாதியாக்கி, எஞ்சிய ஒரு கொத்தை இலவசமாக்கினார். 1970 இல் இரண்டாவது கொத்தை மீட்பதாகக் கூறி ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. அதன் நிதியமைச்சர், ஹர்த்தாலின் தலைவர்களுள் ஒருவரான என். எம். பெரேரா. 1973 இல் உலக உணவு விலை உயர்ந்தபோது அவ்வரசாங்கமே பங்கீட்டைக் குறைத்தது. 1953 இல் ஜயவர்த்தனா கூறிய செலாவணி நியாயத்தை இருபதாண்டுகளுக்குப் பின் இடதுசாரிகள் கூற நேர்ந்தது. மறுபுறம், 1977 இல் வென்ற ஜயவர்த்தனா, ஒரே நாளிற் செய்ய முயன்று தோற்றதைப் படிப்படியாகச் செய்து முடித்தார். 1978 இல் மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கே பங்கீடு என வரையறுக்கப்பட்டது. 1979 இல் உணவு முத்திரைத் திட்டம் வந்தது.

ஒரே கொள்கை எல்லாரையும் ஒரேவிதமாகத் தாக்குவதில்லை என்பதற்கு எழுபதுகளின் அனுபவம் சான்று பகரும். வெங்காயம், மிளகாய் ஆகியவற்றின் இறக்குமதித் தடையால் யாழ்ப்பாணத்துக் கமக்காரர் நல்ல விலை பெற்றனர். அதே ஆண்டுகளில் மலையகத் தோட்டங்களில் பட்டினி பரவி, 1974 இல் இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்தது. இரு சாராரும் தமிழர், ஆட்சி ஒன்று, விளைவு நேர்மாறு.

இது நம்மை விடுபட்ட வினாவுக்குக் கொண்டு செல்கின்றது. 1953 இல் அரிசியை வாங்கிய செலாவணியிற் பெரும்பகுதியை ஈட்டித் தந்தோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர். 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினாலும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தத்தினாலும் அவர்களுட் பெரும்பாலோர் 1952 தேர்தலில் வாக்கிழந்து நின்றனர். 25 சத அரிசி என்ற வாக்குறுதி அவர்களை நோக்கிக் கூறப்படவில்லை. அது மீறப்பட்டபோது தண்டிக்கும் ஆற்றலும் அவர்களுக்கு இருக்கவில்லை. இடதுசாரிகள் பிரசாவுரிமைச் சட்டத்தை எதிர்த்தவர்கள் என்பது உண்மை. ஆயினும் வாக்குள்ளோரின் அரிசி விலை என்ற அளவிலேயே பூசல் முழுவதும் நடந்தேறியது. நெருக்கடியின் சுமை இறுதியில் எங்கு தங்கும் என்பதை நியாயங்களின் வலிமையைவிட, பேசும் வாய்ப்புப் பெற்றோரின் தொகையே தீர்மானிக்கின்றது என்பதை 1974 கொடூரமாக மெய்ப்பித்தது.

முடிவுரை

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை இடைநிறுத்தியபோதும், யூலையில் சனாதிபதி நாட்டைவிட்டு வெளியேறியபோதும் இதே வினாக்கள் மீண்டும் எழுந்தன. 2019 இன் வரிக்குறைப்பு, 2021 இன் இரசாயன உரத் தடை, பெருந்தொற்று, பல அரசாங்கங்கள் பெற்ற வணிகக் கடன் என ஒவ்வொரு தரப்பும் தனக்கு உகந்த காரணத்தைத் தெரிந்தெடுத்தது. 1953 இல் வீதியிலும் 1956 இல் வாக்குப் பெட்டியிலும் தீர்மானிக்கப்பட்ட பொறுப்பு, 2023 நவம்பரில் உயர் நீதிமன்றத்தில் தீர்மானிக்கப்பட்டது. முன்னாள் சனாதிபதிகள் இருவர் உட்படப் பலர் பொது நம்பிக்கையை மீறினர் என அந்நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது.

பொறுப்பாளியைக் காணுதல் வேண்டுவதே. ஆயின் பொறுப்பாளி யார் என்பதிற் காட்டும் ஊக்கத்தின் ஒரு பகுதியையேனும் சுமை யார் மீது விழுகின்றது என்பதிற் காட்டாத அரசியல், அடுத்த நெருக்கடியையும் ஆயத்தமின்றியே எதிர்கொள்ளும். 1953 பற்றிய ஆய்வு கொழும்பின் பத்திரிகைகளோடும் நாடாளுமன்ற அறிக்கைகளோடும் நின்றுவிடலாகாது. அக்காலத்துத் தோட்டப் பதிவேடுகளையும், கிராமத்துக் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளையும், முதியோரின் நினைவுகளையும் அழியுமுன் திரட்டுதல் நம் பல்கலைக்கழகங்களின் கடனாகும். கட்சிகள் கேளாது விட்ட குரல்களை வரலாறாவது கேட்டல் வேண்டும்.