போலிப் பத்திரத் தடுப்பு: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதி

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பகுதியில் நில ஆவணங்களின் உண்மையைச் சோதிக்கவும் போலியைத் தடுக்கவும் கையாளப்படும் முறைகளின் வரலாறு இது. முதலில் தாளைக் காப்பதே நோக்கமாக இருந்தது. பிறகு பதிவேட்டைக் காப்பது முதன்மையானது. மோசடியும் அதே வழியில் தாளை விட்டு ஆளுக்கும், ஆளை விட்டுப் பதிவுக்கும் இடம்பெயர்ந்திருக்கிறது.

ஆவணத்தைச் சோதித்துத் தீர்ப்புச் சொல்லும் காட்சி தமிழுக்குப் புதிதல்ல. இந்தப் பகுதியை ஒட்டிய குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணத்தில், சுந்தரரின் திருமணப் பந்தலில் முதியவர் ஒருவர் அடிமையோலை நீட்டும் நிகழ்ச்சியைச் சொல்கிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படியோலைதான், மூலஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார் முதியவர். அவ்வூர் அவையினர் மூலஓலையில் உள்ள பாட்டனாரின் கையெழுத்தை, காப்பில் இருந்த அவருடைய இன்னொரு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்தே முடிவுக்கு வருகிறார்கள். மூலம் வேறு, நகல் வேறு என்பதும், சந்தேகத்துக்கு உரிய கையெழுத்தை ஐயமற்ற கையெழுத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்பதும் இன்றைய தடய அறிவியல் கூடத்திலும் மாறாத விதிகள்.

செப்பேடுகளுக்குக் காப்பு வளையமும் முத்திரையும். 1905இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேட்டின் 31 ஏடுகளும் முதலாம் ராஜேந்திரனின் முத்திரை பதித்த ஒரே வளையத்தில் கோத்தவை. நடுவில் ஓர் ஏட்டைச் செருக வேண்டுமானால் வளையத்தை அறுத்தாக வேண்டும். அப்படியும் போலிச் செப்பேடுகள் இருந்தன. மேலைக் கங்கர் பெயரில் வெளிவந்த பல ஏடுகளை, எழுத்தமைதி அவை சொல்லும் காலத்துக்குப் பிந்தியது என்று காட்டி கல்வெட்டறிஞர் ஜே.எஃப். ஃப்ளீட் தள்ளினார்.

1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்கீழ் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் முழுவதும் புத்தகத்தில் நகலெடுக்கப்பட்டது. எழுதிக்கொடுத்தவரின் பெருவிரல் ரேகையும் தனிப் பதிவேட்டில் ஏறியது. வீட்டில் இருக்கும் பத்திரத்தைத் திருத்தினாலும் அலுவலகப் புத்தகம் காட்டிக்கொடுத்துவிடும். முத்திரைத்தாளுக்கு நீர்க்குறியும் நாசிக் அரசு அச்சகத்தின் அச்சுத்திறனும் அரண் என்று நம்பினார்கள். அந்த அச்சகத்திலிருந்து கழிக்கப்பட்ட இயந்திரங்களையே வாங்கி அப்துல் கரீம் தெல்கி போலித் தாள் அடித்தபோது நம்பிக்கை போனது. அவருக்கு 30 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. அரசின் பணக் கணக்கோடு தாளைப் பிணைக்கும் மின்முத்திரை முறைக்கு நாடு திரும்பியதற்கு இந்த ஊழல் பெரிய காரணம்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் நோக்கியாவும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசானும் வந்தன. மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட்டுக்காக 1997ஆம் ஆண்டுத் தொழில்நோக்க நில எடுப்புச் சட்டத்தின்கீழ் ஏரிப்பாசன வயல்களும் மானாவாரிக் காடுகளும் கையகப்படுத்தப்பட்டன. இழப்பீடு யாருக்கு என்ற கேள்வியோடு மூலப்பத்திரத்துக்குப் புது மதிப்பு வந்தது. கேட்பாரற்றுக் கிடந்த நிலம், வெளிநாட்டில் இருப்பவரின் மனை, வாரிசு இல்லாமல் இறந்தவரின் சொத்து ஆகியவையே மோசடிக்காரர்களின் இலக்கு. மாநிலம் முழுதும் இத்தகைய புகார்கள் குவிய, 2011இல் நில அபகரிப்புத் தடுப்புச் சிறப்புப் பிரிவுகள் அமைக்கப்பட்டன.

பழைய தேதியிட்ட போலிப் பத்திரத்தைப் பிடிக்கப் பல நேரம் கருவியே வேண்டாம். இந்த வட்டாரத்தின் நிர்வாக வரலாறு தெரிந்தால் போதும். காஞ்சிபுரம் மாவட்டம் பிறந்தது 1997இல். 1985ஆம் ஆண்டுத் தேதியுள்ள கிரயப் பத்திரத்தில் ‘காஞ்சிபுரம் மாவட்டம்’ என்று இருந்தால் அதை எழுதியவருக்குப் பிற்காலம் தெரிந்திருக்கிறது. ஆறிலக்க அஞ்சல் குறியீடு 1972 ஆகஸ்ட் 15இல்தான் வந்தது. ‘தமிழ்நாடு’ என்ற பெயர் 1969 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல புலங்கள் புதிதாக உட்பிரிவு பெற்றன. அந்த உட்பிரிவு எண் 1970ஆம் ஆண்டுப் பத்திரத்தில் நிற்க வழியில்லை. ஃப்ளீட் எழுத்தமைதியில் தேடியதை இங்கே புல எண்ணில் தேடுகிறார்கள். அனுபவமுள்ள பத்திர எழுத்தர் எவரும் முதலில் பார்ப்பது இதைத்தான்.

மிச்சத்தை ஆய்வகம் பார்க்கிறது. வேதிப்பொருளால் அழித்த எழுத்து புற ஊதா ஒளியில் தெரியவரும். கண்ணுக்கு ஒரே கறுப்பாகத் தெரியும் இரண்டு மைகளில் ஒன்று அகச்சிவப்பில் மறையும், மற்றது நிற்கும்; ‘1’ஐ ‘7’ ஆக்கிய கோடு அப்போது தனியே பிரியும். மேல்தாளில் எழுதிய அழுத்தம் அடித்தாளில் பதிந்திருந்தால் நிலைமின்சாரத்தால் கரித்தூளை ஈர்த்து அதைப் படிக்கும் கருவி 1970களின் இறுதியில் பிரிட்டனில் உருவானது. கையெழுத்துக்கு மேல் வாசகம் பின்னால் சேர்க்கப்பட்டதா என்பதை, இரு கோடுகளும் வெட்டும் இடத்தை உருப்பெருக்கியில் பார்த்துச் சொல்ல முயல்வார்கள். வெற்றுத்தாளில் வாங்கிய கையெழுத்து வழக்குகளில் இதற்குத்தான் மதிப்பு. ஆனால் ஆய்வகத்துக்கு மூலம் வேண்டும். ஒளிநகலில் மையும் இல்லை, அழுத்தமும் இல்லை.

தமிழ்நாட்டின் ‘ஸ்டார்’ திட்டம் 2000இல் தொடங்கியபின் கையால் நகலெடுக்கும் வழக்கம் ஒழிந்து பத்திரங்கள் ஸ்கேன் செய்யப்பட்டன. 2001ஆம் ஆண்டுத் திருத்தம், சொத்து மாற்றப் பத்திரத்தில் இரு தரப்பாரின் படமும் விரல்ரேகையும் ஒட்டப்பட வேண்டும் என்றது. 2018 பிப்ரவரியில் பதிவு முழுவதும் இணையவழிக்கு மாறியது. வில்லங்கச் சான்றைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம்; பட்டா நகலிலுள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து அரசுப் பதிவோடு ஒப்பிடலாம். அதிகாரப் பத்திரத்தை வைத்து விற்க வருபவர், அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான சான்று காட்ட வேண்டும். இறந்தவர் பெயரில் விற்பனை நடந்த அனுபவத்தின் விளைவு அது.

இவ்வளவுக்குப் பிறகும், ஸ்ரீபெரும்புதூர் வட்டம் பீமந்தாங்கல் கிராமத்தில் அனாதீனம் (உரிமையாளர் இல்லாதது) எனக் கணக்கில் இருந்த நிலத்துக்குத் தனியார் பட்டா பெற்று, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை விரிவாக்க இழப்பீட்டை வாங்கினார்கள் என்ற புகார் எழுந்து, 2021இல் கைதுகள் வரை சென்றது. அலுவலகத்தின் வழியாகவே வந்த பட்டா எந்த ஒளியிலும் போலியாகத் தெரியாது. அதில் எழுதியிருப்பது உண்மையா என்பதைக் கிராமக் கணக்கும் விசாரணையும்தான் சொல்ல முடியும்.

சட்டமும் அந்த இடத்தில்தான் தடுமாறுகிறது. 2022 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த, பதிவுச் சட்டத்துக்கான தமிழ்நாட்டுத் திருத்தம், போலி ஆவணத்தைப் பதிய மறுக்க 22-பி பிரிவையும், பதிந்துவிட்டதை மாவட்டப் பதிவாளரே ரத்துசெய்ய 77-ஏ பிரிவையும் சேர்த்தது. நீதிமன்றம் ஏறி அலைய முடியாத சிறு நிலக்காரருக்கு அது ஆறுதலாக இருந்தது. ஆனால் உரிமை வழக்கில் தீர்ப்பளிக்கும் அதிகாரத்தை அதிகாரியிடம் தந்துவிட்டதாகக் கண்ட சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் 77-ஏ பிரிவைச் செல்லாது என்றது. விற்பவர் தன் உரிமையை மூலப்பத்திரத்தால் காட்டினால்தான் பதிவு என்ற, தமிழ்நாட்டுப் பதிவு விதிகளின் 55-ஏ விதியின் பகுதியையும் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிபவரே தவிர விற்பவரின் உரிமையை விசாரிப்பவர் அல்லர் என்பது அதன் காரணம்.