வேகத்துக்கு இட்ட வேலி

பிரித்தானியாவில் 1865ஆம் ஆண்டுச் சட்டம், இயந்திர வண்டிக்கு முன்னே செங்கொடி ஏந்தி ஒருவன் நடத்தல் வேண்டும் என்றது. நகரில் வேக எல்லை மணிக்கு 2 மைல்.

பின்னர் காலம் மாறிற்று. 1930இல் மோட்டார்க் கார்களுக்கு வேக எல்லையே நீக்கப்பட்டது. விளைவு யாது? 1934இல் வீதிகளில் மாண்டோர் 7,343 பேர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் பாதசாரிகள். 1935 மார்ச்சில், குடிமனை செறிந்த வீதிகளுக்கு 30 மைல் எல்லை வந்தது. சாரதிகளுக்குத் தேர்வும் கட்டாயமாயிற்று. அவ்வாண்டு மாண்டோர் தொகை 6,502 ஆகக் குறைந்தது.

1953ஆம் ஆண்டுச் சட்டமோ, பாடசாலைப் பிள்ளைகளை வீதி கடத்திவிடக் காவலரை அமர்த்த வகைசெய்தது. அவர் பலகையை உயர்த்தினால் வண்டி நின்றேயாக வேண்டும்.

செங்கொடியை நகைப்பது எளிது. ஆயினும் காவலர் இல்லாத பாடசாலை வாயிலில், சாரதியின் காலடியிலுள்ள பிரேக்கே பிள்ளைக்குக் கொடியாகும்.