அழகியிடம் கேட்ட கேள்வி

பதின்ம வயதினருக்கென்று எழுதப்படும் மாயக்கதை நாவல்களை நான் நெடுங்காலம் ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. பழைய தேவதைக் கதையொன்றை எடுத்து முந்நூறு பக்கத்துக்கு இழுத்தால் அதிலே என்ன புதுமை இருக்கப்போகிறது என்ற எண்ணந்தான். மருமகள் வீட்டில் மறந்து விட்டுப்போன ‘பியூட்டி’ என்ற நாவலை ஒரு மழைநாளில் கையில் எடுத்தபோதும், பத்துப் பக்கத்தோடு மூடிவிடலாமென்றே நினைத்தேன். முடித்தபோது விடியப்புறம் மூன்று மணி.

அமெரிக்க எழுத்தாளர் ரொபின் மக்கின்லியின் முதல் நாவல் அது. 1978 இல் வெளிவந்தது. கதை நீங்கள் அறிந்ததே. கப்பல்களை இழந்து நொடித்துப்போன வணிகர் ஒருவர், காட்டு மாளிகையொன்றில் மகளுக்காக ஒரு ரோசாப்பூவைப் பறிக்கிறார். மாளிகைக்குரிய விலங்கு, அதற்கு ஈடாக அவர் உயிரை அல்லது ஒரு மகளைக் கேட்கிறது. மகள் போகிறாள். இரவுதோறும் அவளிடம் விலங்கு ஒரு கேள்வி கேட்கிறது. அவள் மறுக்கிறாள். என்னை விடியும்வரை இருத்தி வைத்தது அந்தக் கேள்விதான்.

அதன் பூர்வீகத்தைத் தேடிப் போனேன். முகம் காணாத கணவனோடு வாழ்ந்த சைக்கியின் கதையை, கி.பி. 2 ஆம் நூற்றாண்டிலேயே அப்யூலியஸ் இலத்தீனில் எழுதிவிட்டார். ஆனால் இன்று நாம் அறிந்த வடிவில் இதை எழுதியவர் மதாம் டி வில்நெவ் என்ற பிரெஞ்சுப் பெண்மணி, ஆண்டு 1740. அவருக்குத் திருமணம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். 1706 இல் ஒரு படை அதிகாரியை மணந்தவர், கணவன் சொத்தைக் கரைப்பதைக் கண்டு ஆறு மாதத்துக்குள் சொத்தைப் பிரித்துத் தரும்படி கேட்டார். பின்னர் இளவயதிலேயே விதவையானார். அவருடைய கதையில் விலங்கு நாகரிகமாகச் சுற்றி வளைப்பதில்லை. தன்னோடு படுக்கையைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதமா என்றே கேட்கிறது. அவள் மாட்டேனென்றால் வற்புறுத்தாமல் போய்விடுகிறது. அந்தக் காலத்துக் கணவன்மாரில் எத்தனை பேர் அப்படிக் கேட்டிருப்பார்களோ!

இத்தனை துணிவாக எழுதியவரும் ஓரிடத்தில் பின்வாங்கிவிடுகிறார். விலங்கு அரசகுமாரனாக மாறியபின், அவன் தாயாகிய அரசி வணிகன் மகளை மருமகளாக ஏற்க மறுக்கிறாள். உடனே தேவதை ஒருத்தி வந்து, இவள் உண்மையில் ஓர் அரசனின் மகள், வணிகர் வளர்த்த தந்தை மாத்திரமே என்று வெளிப்படுத்துகிறாள். இந்தப் பூர்வகதை நீண்டுகொண்டே போகும், பொறுமை வேண்டும். பெண்ணின் குணம் மட்டும் போதாது, பிறப்பும் வேண்டியிருந்தது.

பதினாறு ஆண்டுகளின் பின், 1756 இல், மதாம் லெப்பிரன்ஸ் டி போமொன் இதைச் சில பக்கங்களாகச் சுருக்கினார். இலண்டனில் உயர்குடிச் சிறுமியருக்கு ஆசிரியையாக இருந்தவர் அவர். வில்நெவின் வணிகருக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். போமொன் ஆறாகக் குறைத்தார். அரசகுலப் பிறப்பை அடியோடு வெட்டினார். வணிகன் மகள் வணிகன் மகளாகவே அரசியாகிறாள். இந்த வெட்டுக்காகவே அவரை வணங்கலாம். ஆனால் படுக்கைக் கேள்வியையும் மாற்றி, ‘என்னை மணப்பாயா’ என்று ஆக்கிவிட்டார். பொறாமைக்காரத் தமக்கைமார், உணர்வு மங்காத கற்சிலைகளாகித் தங்கையின் அரண்மனை வாசலில் நிற்கிறார்கள். பெற்றோர் பார்த்து வைக்கும் அறியாத மாப்பிள்ளையை ஏற்கச் சிறுமியரின் மனதைப் பழக்கும் பாடம் இது என்று ஆய்வாளர் பலர் சொல்வர். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

பஞ்சதந்திரத்தின் ஒரு பாடத்திலே பாம்பை மணந்த பெண் ஒருத்தி வருகிறாள். தந்தை வாக்குக் கொடுத்துவிட்டார். மகள் அதைக் காப்பாற்றுகிறாள். அவளிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. இதைப் படித்தபோது என் மூத்த அக்காவின் நினைவு வந்தது. அவவுக்குக் கலியாணம் முற்றாகிய அன்று, பந்தலைப் பற்றியும் பலகாரத்தைப் பற்றியும் வீட்டில் எல்லோரும் கதைத்தோம். நானுந்தான். அக்கா குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தா.

மக்கின்லிக்கு வருவோம். அவருடைய வணிகருக்கு மூன்று பெண்கள் மட்டுமே. தமக்கைமார் இருவரும் தங்கமானவர்கள். நாயகியின் உண்மைப் பெயர் ‘மானம்’ என்று பொருள்படுவது. சின்ன வயதில் அதற்குத் தகப்பன் விளக்கம் சொல்ல, அதைவிட ‘அழகு’ என்ற பெயரே தேவலை என்று அவள் சொல்லப்போக, அதுவே நிலைத்துவிடுகிறது. வளர வளர, தான் அழகில்லை என்ற எண்ணத்தோடு அந்தப் பெயரைச் சுமக்கிறாள். குதிரையும் கிரேக்க நூல்களுமே அவள் உலகம். தகப்பன் தடுத்தும் தானாகவே புறப்பட்டு விலங்கிடம் போகிறாள். அங்குள்ள நூலகத்தில் இன்னும் எழுதப்படாத நூல்களெல்லாம் இருக்கின்றன. பிரௌனிங்கின் கவிதைகளையும் ஷேர்லொக் ஹோம்ஸையும் அவள் எடுத்துப் படிக்கிறாள்! போமொனின் மாளிகையிலும் நூலகம் உண்டுதான். ஆனால் இங்கே இருவரும் ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டித்தான் நெருங்குகிறார்கள். நாவலில் எனக்குப் பிடித்த பகுதியும் அதுவே.

பிடிக்காததும் உண்டு. முடிவில் அவளைக் கண்ணாடி முன் நிறுத்தி, நீ அழகிதான் என்று காட்டிவிடுகிறார் ஆசிரியை. வில்நெவ் அரச பிறப்பைக் கொண்டுவந்து ஒட்டினாரே, அதே வேலைதான் இதுவும்.

மக்கின்லிக்கும் மனம் ஆறவில்லைப் போலும். 1997 இல் இதே கதையை ‘ரோஸ் டோட்டர்’ என்று இரண்டாம் முறை எழுதினார். அதில் விலங்கு மனிதனாக மாறலாம் என்ற தெரிவு நாயகியிடமே வருகிறது. அவள் யோசித்து, அவன் விலங்காகவே இருக்கட்டும் என்கிறாள்.

அக்காவுக்கு இப்போது கண் சரியில்லை. போன கிழமை போய், இரண்டு நாவல்களின் கதையையும் இருந்து சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கலியாணத்துக்குப் பிறகும் அவன் அப்பிடிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தவனோ?” என்றா.

கதை அதற்கு முதலே முடிந்துவிடுகிறதென்று சொன்னேன்.